ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

போன மாதம் ஓர் இளம் பொறியாளர் போனில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற அதே கட்டடப் பிரிவில், நான் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது இருப்பவர்.

"மேடம், ரேம்ப்புக்கு எடம் பத்த மாட்டேங்குதுங்க. ஒண்ணுக்குப் பன்னெண்டு சரிவுதான் வேணும்னு கம்ப்யூட்டர் அடம் பிடிக்குது. ஒண்ணுக்கு ஆறு போட்டுட்டா என்னங்க? எப்படியும் வீல்சேரைப் பின்னால தள்ளி உடறதுக்கு ஆள் இருப்பாங்கல்லங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கம்ப்யூட்டருக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவராவது போன் போட்டுக் கேட்டார், என் சர்வீஸில் பாதிக்கு மேல் நான் அதைக்கூடக் கேட்டதில்லை. கேட்காததோடு விட்டேனா, அதைவிடச் செங்குத்தாக ஏழு கட்டடங்களில் கட்டியும் வைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க மேடம். ஏன் கோபம் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, எல்லாரும் படிக்கிறோம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் திருச்செங்கோட்டுக்காரி. அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியின் ஓட்டுநர். வருடத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன், வகுப்பில் மூன்றே பெண்கள். தேர்வு எழுதி அரசுக் கட்டடப் பிரிவில் சேர்ந்து, எடப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடக் கட்டடத்தில் வேலையைத் தொடங்கினேன். டேப்பைப் பிடிக்கப் படிப்பு சொல்லிக் கொடுத்தது. எங்கே பிடிக்க வேண்டும் என்பதைக் கொத்தனார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஐந்தாறு வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல வேண்டியவர் கந்தப்பன் சார். எனக்குச் செயற்பொறியாளராக நாமக்கல்லில் வந்து சேர்ந்தவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல். அவருக்கு ஒரு வழக்கம். தான் கையெழுத்துப் போடுகிற எதையும் முதலில் தானே பயன்படுத்திப் பார்ப்பார். விடுதியில் பிள்ளைகள் தட்டுக் கழுவும் தொட்டி கட்டினோம் என்றால், சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் சோறு வாங்கித் தின்றுவிட்டு, அந்தத் தொட்டியில் நின்று கழுவுவார். சட்டை நனைந்தால் தொட்டி திருப்பி அனுப்பப்பட்டது என்று அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறைக் கட்டிலில் ஏறிப் படுத்து, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, லைட்டு நேரா கண்ணுல குத்துதுங்களே" என்றவர் அவர். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விளக்கை இடம் மாற்றினோம்.

அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "இதை நீங்கதானுங்க பார்த்து வாங்குனீங்களாங்க?" என்று ஒரே மூச்சில் மூன்று 'ங்க' வந்தால் அன்றைக்குத் தொலைந்தோம்.

இனி என் தப்புக்கு வருகிறேன். நம் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் படிக்கு நடுவிலோ ஓரத்திலோ சிமெண்டுச் சரிவு ஒன்று இருக்கும். ராத்திரி மொபெட்டை உள்ளே ஏற்றி வைக்க. ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி நீளம். எந்தக் கொத்தனாரும் அதற்கு டேப்பை எடுக்க மாட்டார். கை பழகிய சரிவு அது. அரசு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது, "சின்னுசாமி, ஒரு ரேம்ப் போட்டுடுங்க" என்று எங்கள் கொத்தனாரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த ரேம்ப்பைப் போட்டார். நான் அளவெடுத்து, அளவுப் புத்தகத்தில் 'சாய்தளம், ஒன்று' என்று எழுதி, போட்டோ பிடித்து அனுப்பினேன். இப்படி ஏழு. ஒன்றில்கூட ஒரு சக்கர நாற்காலி ஏறியதை நான் பார்த்ததில்லை. ஏறுகிறதா என்று நினைத்ததும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நினைப்பே வரவில்லை.

அந்த ஏழில் ஒன்று, நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஒரு சிறிய ஊரில் இருந்த அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். மழைத் தண்ணீர் தேங்கும் இடம் என்று தரையை முப்பது அங்குலம் தூக்கிக் கட்டியிருந்தோம். அலுவலகத் தலைவர் நல்லசிவம். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன்.

"மேடம், உங்க ரேம்ப்புல ஒரு பொண்ணு உளுந்துருச்சுங்க."

"எங்க ரேம்ப்புன்னா? அரசு ஆணைப்படி கட்டுனதுங்க சார். ரெக்கார்டு இருக்குது" என்றேன் வெடுக்கென்று. அடிபட்டதா என்று கேட்க வேண்டும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பெண் தேன்மொழி. இருபத்திரண்டு வயது. எடப்பாடிப் பக்கம் தறிக் குடும்பம். பதினாறு வயதில் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீட்டிலிருந்தே படித்து, தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகத் தேர்வாகி, அந்த அலுவலகத்தில் சேர ஆணையோடு வந்திருந்தாள். யாரும் தள்ளாமல் தானே ஏறப் பார்த்திருக்கிறாள். பாதிச் சரிவில் முன் சக்கரங்கள் தூக்கிக்கொள்ள, நாற்காலியோடு பின்பக்கம் மல்லாந்துவிட்டாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. தலை தப்பியது அவளுடைய அம்மா பின்னால் நின்றதால்.

வேலையில் சேர வேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது. நல்லசிவம் கெட்டவர் இல்லை. "அதுக்கென்ன சாமி, நாங்க நாலு பேரு இருக்கோம், காத்தால தூக்கிக்கிட்டுப் போயி உள்ள வெச்சறோம், சாயங்காலம் எறக்கி உடறோம்" என்று மனதாரத்தான் சொல்லியிருக்கிறார்.

"தூக்கறவங்க லீவு போட்டா நானும் லீவுங்களா சார்?" என்று கேட்டிருக்கிறாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அப்படியானால் வசதியுள்ள வேறு அலுவலகத்துக்கு இவரை மாற்றிக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். அந்தக் கடிதம் போனால் அவளுடைய கோப்பு தலைமையகத்துக்குத் திரும்பும். திரும்பிய கோப்பு எந்த மாதம், எந்த ஊருக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி நாள் வரைக்கும் பார்க்கிறேன், அன்றைக்கும் சரிவு இல்லை, தூக்கவும் விடவில்லை என்றால் கடிதம் போகும் என்றார். தேன்மொழி அதற்குள் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தாள். முன்பு முட்டை குடோனாக இருந்த அறை. முட்டை அட்டைகளை வைத்த தள்ளுவண்டி குலுங்காமல் உள்ளே போகட்டும் என்று படியே இல்லாமல் கட்டியது. முட்டைக்குக் காட்டிய அக்கறையை நான் மனுஷருக்குக் காட்டவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னதும், மறுநாள் கந்தப்பன் சார் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து சுகாதார நிலையத்தில் ஒரு சக்கர நாற்காலியைக் கடன் வாங்கினார். அதில் உட்கார்ந்து, என் ரேம்ப்பின் அடியில் போய் நின்று, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினார். இரண்டடி ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பின்னால் வழுக்க ஆரம்பித்தார். நாங்கள் ஓடிப் பிடித்தோம்.

"இப்ப நீங்க உக்காருங்க அம்மிணி" என்றார்.

உட்கார்ந்தேன். நான் ஓரடிகூட ஏறவில்லை. அலுவலக ஊழியர்கள் எல்லோரும் வராண்டாவில் நின்று பார்க்கிறார்கள். கீழே இறங்கியதும் கேட்டார்: "இதை யாருக்காகக் கட்டுனீங்கங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மொபெட்டுக்குங்க சார்" என்றேன்.

அவர் நல்லசிவத்திடம் திரும்பி, "தூக்கறேன்னு சொன்னீங்களாமே, என்னைத் தூக்குங்க பார்க்கலாம்" என்றார். நால்வர் வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவர் கை வழுக்க, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் பயந்துபோனார். அப்படியே நிறுத்தச் சொல்லி, அந்தரத்திலிருந்தபடியே கேட்டார்: "நான் உள்ள போய் உக்காந்து அரை மணி நேரத்துல பாத்ரூம் போவோணும்னா, உங்க நாலு பேரையும் மறுபடி கூப்புடோணுங்களா?"

தேன்மொழியோடு அன்றும் வந்திருந்த அவள் அம்மா சரசுதான் பதில் சொன்னார். "அவ வெளிய போற நாள்ல காத்தாலருந்து தண்ணி குடிக்க மாட்டாளுங்க சார்."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கழிவறைக் கதவை அளந்தேன், இரண்டடி. தேன்மொழியின் நாற்காலி இருபத்தாறு அங்குலம். அந்தக் கதவை வைத்ததும் நான்தான்.

அன்று மதியமே வேலையைப் பேசினோம். கந்தப்பன் சார் தேன்மொழியையும் மேஜைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். அவளோ படிக்குக் கீழே இருந்தாள். ஆகவே மேஜையை முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டோம். கணக்கு எளிது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால், ஓர் அங்குலம் ஏற ஓர் அடி ஓட வேண்டும். முப்பது அங்குலத்துக்கு முப்பது அடி. முன்பக்கம் மதிலுக்கு அவ்வளவு தூரம் இல்லை. பக்கவாட்டில் மட்டும்தான் இடம், அதுவும் இரண்டாக மடித்துப் போட்டால். நான் வரைந்து காட்டினேன். திரும்பும் மேடைக்கு நான்கு அடி விட்டிருந்தேன்.

தேன்மொழி படத்தில் விரலை வைத்தாள். "நாலடியில திரும்பலாங்க மேடம். ஆனா நாலு தடவ முன்னயும் பின்னயும் போவோணும். அஞ்சடி குடுத்தீங்கன்னா ஒரே சுத்துங்க."

ஐந்தடி என்று திருத்தினேன். பிரச்சினை அது இல்லை. பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஊழியர்கள் வண்டிகளை நிழலில் நிறுத்தியிருந்தார்கள். கொட்டகை போக வேண்டும் என்றதும் வராண்டாவில் சலசலப்பு. சித்திரை வெயில் வேறு. "சீட்டு சுட்டா எப்படி மேடம் உக்காந்து ஊட்டுக்குப் போறது?" என்றார் ஒருவர். தூக்குவதற்கு நான்கு பேர் முன்வந்த அலுவலகத்தில் நிழலைக் கொடுக்க ஒருவர் வரவில்லை. எனக்கு ஆத்திரம். வாயைத் திறக்கப் போனேன், கந்தப்பன் சார் பார்வையாலேயே அடக்கினார்.

நல்லசிவம் ஒரு வழி சொன்னார். "பின்பக்கம் காலியாத்தானுங்க கெடக்குது. பின்வாசல்ல போட்டுட்டா யாருக்கும் தொந்தரவு இல்லைங்களே."

"பின்வாசல்ல இப்ப என்ன சார் வருது?" என்று கேட்டாள் தேன்மொழி.

"குப்பை வண்டி வரும்" என்று யாரோ சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு மனு வாங்கற சீட்டுன்னு சொல்லியிருக்கீங்க சார். மனு குடுக்க வர்றவங்கள்ளயும் வீல்சேர்காரங்க வருவாங்க, தடி ஊன்றவங்க வருவாங்க. அவங்களையும் குப்பை வண்டி வர்ற வழியிலயே வரச் சொல்லிரலாங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பதிவறையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் இறங்கி வந்தார். தன் ஸ்கூட்டரை எடுத்துக் கொண்டுபோய் மதிலோரம் வெயிலில் நிறுத்தினார். மேலே ஒரு கோணிப்பையைப் போட்டு மூடினார். சாயங்காலத்துக்குள் மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகப் போனது நல்லசிவத்தின் வண்டி.

கொட்டகையைப் பிரித்தோம். சின்னுசாமிக்கு இந்த முறை டேப்போடு டியூப் லெவலும் கொடுத்தேன். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, அடிக்கு அடி சுவரில் கோடு போட்டோம். ஒவ்வொரு அடிக்கும் ஓர் அங்குலம். மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க மேடம் இது, ரோடாட்டம் நீளமாப் போகுதுங்க. ஏர்றதே தெரியாதுங்களே."

"ஏர்றது தெரியக் கூடாதுங்க. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

அவரோடு இன்னொரு பஞ்சாயத்து வாசற்காலில் வந்தது. முன்வாசல் பழைய மர நிலை, அடிச்சட்டம் தரையிலிருந்து இரண்டு அங்குலம் எழுந்து நிற்கும். வருடாவருடம் ஆயுத பூஜைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைக்கிற சட்டம். அதைச் சமமாக அறுக்கச் சொன்னேன். சின்னுசாமி பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வாசக்கால்ல நான் ரம்பம் வெக்க மாட்டனுங்க. வேற யாரையாச்சும் பாத்துக்குங்க." கெஞ்சினேன், அதட்டினேன். மசியவில்லை. இரண்டு அங்குலம் என்றால் நமக்கு ஒரு தாண்டு. சின்ன முன்சக்கரத்துக்கு அது மதில்சுவர்.

அரை நாள் வேலை நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தவர் சட்டத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "சட்டத்தைத் தாழ்த்த வேண்டாமுங்க மேடம். ரெண்டு பக்கமும் தரையை ஒசத்திட்டா?" என்றார். வெளியே வராண்டா முழுவதையும் இரண்டு அங்குலம் தூக்கிச் சட்டத்தோடு சமமாக்குவது, உள்ளே சட்டத்திலிருந்து இரண்டடி நீளத்துக்கு மெல்லத் தாழ்த்தி இறக்குவது. முப்பது அங்குலம் முப்பத்திரண்டு ஆனது. சாய்தளம் இன்னும் இரண்டடி நீண்டது. எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அதை மனதாரச் சொன்னேன். "அதுக்கென்னங்க" என்று கூச்சப்பட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

மேல்பூச்சில் மட்டும் நான் பக்கத்திலேயே நின்றேன். நம் கொத்தனார்களுக்குச் சிமெண்டைக் கண்ணாடியாகத் தேய்த்தால்தான் மனசு ஆறும். தேய்க்க விடவில்லை. ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுக்க வைத்தேன், சக்கரம் வழுக்காமல் இருக்க. லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பைப்பை வளைத்து வாங்கி வந்து இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். கழிவறைக் கதவை மூன்றடியாக்கி, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தினோம். சிமெண்டு இறுக ஈரச் சாக்குப் போட்டு, கடைசி நாளுக்கு முந்தைய நாள் வரை தண்ணீர் விட்டோம். கந்தப்பன் சார் வந்து, அதே கடன் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்காமல் மேலே போய்க் கழிவறை வரை சென்று, கதவைத் தாழிட்டு, வெளியே வந்தார். என் புத்தகத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த திங்கக்கெழம மத்த ஆறையும் பாக்கப் போறோமுங்க" என்றார். எல்லாவற்றையும் இடித்துக் கட்ட எனக்கு மூன்று வருடம் ஆனது. கட்டிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

தேன்மொழி சேர வேண்டிய கடைசி நாள் காலை பத்து மணி. நல்லசிவத்தின் மேஜையில் அந்தக் கடிதம் இன்னும் இருந்தது. வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தேன்மொழி சாய்தளத்தின் அடியில் வந்து நின்று, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சரசு பழக்கத்தில் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

"அம்மா, கைய எடு."

"புடிக்கலைடா சாமி, சும்மா வெச்சிருக்கேன்."

"சும்மாவும் வெக்காத."

சரசு கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தேன்மொழி தள்ள ஆரம்பித்தாள். அவசரமில்லாமல், ஒரே சீராக. துடைப்பக் கோட்டில் சக்கரம் தடதடவென்றது. மேடையில் ஒரே சுற்றில் திரும்பினாள். இரண்டாவது சரிவில் பாதியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். யாரோ உதவிக்குக் காலெடுத்து வைக்க, நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் மறுபடி தள்ளினாள். வராண்டா, வாசற்கால், உள்ளே. ஒரு இடி இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. என் சர்வீஸில் நான் அழுத ஒரே திறப்பு விழா அது. ரிப்பன்கூடக் கிடையாது.

நல்லசிவம் வருகைப் பதிவேட்டைத் தானே எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கடிதத்தைக் கிழித்தார். சரசுவுக்கு வராண்டாவில் ஒரு நாற்காலி போட்டு, "சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்துக்குங்க" என்றார்.

சரசு உட்காரவில்லை. ஜன்னலருகே போய் மகளைக் கேட்டார்: "சாயங்காலம் நான் எத்தன மணிக்கு வந்து நிக்கட்டும்?"

"வர வேண்டாம்மா. ரூமு எதுத்தாப்லதான இருக்குது, நானே போய்க்குவேன்."

"அப்ப நாளைக்குக் காத்தால?"

"நாளைக்கும் வேண்டாம். நீ தறிக்குப் போ. சனிக்கெழம ஆட்டோ பேசிக்கிட்டு நான் ஊட்டுக்கு வாரேன்."

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு வருசமா இவளை உட்டுட்டு ஒரு நா எங்கயும் போனதில்லைங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. கோபமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. நான் அவரோடு வெளிக்கதவு வரை நடந்தேன். அங்கே நின்று ஒரு முறை திரும்பினார். மகள் பார்ப்பாள், கையாவது ஆட்டுவாள் என்று நினைத்திருப்பார். தேன்மொழி பார்க்கவில்லை. அன்றைய முதல் மனுவோடு ஒரு பெரியவர் அவள் மேஜை முன் நின்றிருந்தார். அவள் குனிந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேலையா இருக்கறா" என்றார் சரசு. சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.